பழைய உத்தரவு பிந்தி வந்து சேர்ந்தால்: போர் விளையாட்டுகளில் கூரியர் தொல்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு வசதியாக இருக்கும். நெப்போலியன் காலத்துப் போர்களை வைத்துச் செய்த ஒரு வியூக விளையாட்டில் நண்பர் கூரியர் முறையைப் போட்டு ஆடுகிறார். இந்த முறையில் ஒரு படைப்பிரிவைச் சொடுக்கி 'இங்கே போ' என்றால் அது உடனே நகராது. நம் தளபதியிடமிருந்து ஒரு குதிரைக்காரன் கிளம்பி, மேப்பின் குறுக்கே ஓடி, அந்தப் பிரிவின் தலைவரைக் கண்டுபிடித்துச் செய்தியைக் கொடுத்த பிறகுதான் எதுவும் நடக்கும். நண்பரின் புகார் மூன்று. கூரியர் போய்ச் சேர ஒரு யுகம் ஆகிறது. நேராக எதிரி வரிசைக்குள் நுழைந்து செத்துப்போகிறான். மனம் மாறி இரண்டாவது உத்தரவு அனுப்பினால், முதல் உத்தரவு அதற்குப் பிறகு போய்ச் சேர்ந்து, படை பாதி வழியில் திரும்பி நடக்கிறது. இதெல்லாம் வரலாறா, கேமில் உள்ள கோளாறா, ஆஃப் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் தோற்றது என்னாலா, கேமாலா?

நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என்எஸ்ஸில், அதாவது சிங்கப்பூரின் கட்டாய ராணுவச் சேவையில், செய்தித் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தேன். அதற்குப் பிந்தைய ரிசர்விஸ்ட் பயிற்சிகள் முடியும்வரை செய்தி அனுப்புவதும் வாங்குவதும் எழுதி வைப்பதும்தான் வேலை. அது போக, செங்காங்கில் சில நண்பர்கள் சேர்ந்து நடுவர் வைத்து ஆடும் வரைபடப் போர் விளையாட்டைப் பல வருடங்களாக நடத்திவருகிறோம். பெரும்பாலும் நான்தான் நடுவர், அதாவது யாருடைய கூரியர் எப்போது போய்ச் சேருவான் என்று தீர்மானித்துத் திட்டு வாங்குபவன். கேமின் நிரலை நான் திறந்து பார்த்ததில்லை. நிரலைப் பற்றிச் சொல்லும் இடங்களில், இந்த வகை விளையாட்டுகளை வழக்கமாக எப்படி எழுதுவார்கள் என்பதை வைத்துச் செய்யும் ஊகம் அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு பற்றிச் சொல்வது அப்படியில்லை. சர்ச்சை இருக்கும் இடத்தில் சர்ச்சை என்றே சொல்கிறேன்.

முதலில் தாமதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கேம் உங்களுக்குச் சலுகைதான் காட்டுகிறது. குதிரை நடந்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் சுமாருக்குப் போகும், ஓட்ட நடையில் 12 முதல் 15, முழுப் பாய்ச்சலில் 40ஐத் தாண்டும். ஆனால் முழுப் பாய்ச்சலை எந்தக் குதிரையும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உழுத வயலிலும் சேற்றிலும் வேலிகளுக்கு நடுவிலும் இன்னும் மோசம். நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவில், போருக்கு முதல் நாள் இரவு முழுக்க மழை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு தலைவருக்குச் செய்தி போக எட்டு, பத்து நிமிடம் என்பது நல்ல வேகம்தான். அத்தோடு முடியவில்லை. தளபதி சொல்வதை ஒருவர் எழுத வேண்டும். கூரியர் போய், புகைக்கு நடுவில், அந்தத் தலைவர் எங்கே நிற்கிறார் என்று விசாரிக்க வேண்டும். அவர் படித்துப் புரிந்துகொண்டு, தனக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனித்தனியாக ஆளனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் பட்டாலியன்களை, அதாவது சில நூறு பேர் கொண்ட பிரிவுகளை, வரிசை மாற்ற வேண்டும். நீங்கள் நினைத்ததற்கும் முதல் சிப்பாய் காலெடுத்து வைப்பதற்கும் இடையில் அரைமணி நேரம் போனால், அந்தக் காலத்துத் தளபதி யாரும் புருவத்தைத் தூக்கியிருக்க மாட்டார். கேமில் ஐந்து நிமிடத்தில் கூரியர் போய் இறங்கியதும் பல பட்டாலியன்கள் சேர்ந்த மொத்த டிவிஷனும் ஒரே நேரத்தில் திரும்புகிறதே, அதைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை.

ஒரு நிஜத் தாமதத்தைப் பாருங்கள். வாட்டர்லூ போர் நடந்த 1815 ஜூன் 18 மதியம் ஒரு மணி வாக்கில், நெப்போலியனின் தலைமை அலுவலர் சூல்ட், வாவ்ர் ஊர்ப் பக்கம் எதிரிகளான பிரஷ்யர்களைத் துரத்திப் போயிருந்த பிரெஞ்சுத் தளபதி க்ரூஷிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடிப்பதற்குள், தூரத்தில் தெரிவது பிரஷ்யப் படை என்று தெரியவந்தது. கீழே ஒரு பின்குறிப்பு சேர்த்து, உடனே எங்கள் பக்கம் வாருங்கள் என்று அனுப்பினார்கள். இரண்டு இடங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். துவாஸ் லிங்க்கிலிருந்து கிளமெண்டி வரை இருக்கும் தூரம், அவ்வளவுதான். கடிதம் க்ரூஷியின் கைக்குப் போனது மாலை நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள், இன்னும் பிந்தித்தான் போனது என்பவர்களும் உண்டு. எந்த நேரத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் பிறகு படையைத் திருப்பி நடந்து வந்து சேர நேரம் இல்லை. நெப்போலியனுக்குப் பல ஆண்டுகள் தலைமை அலுவலராக இருந்த பெர்த்தியேர் அந்த ஜூன் முதல் தேதிதான் பாம்பெர்க்கில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். பெர்த்தியேர் இருந்திருந்தால் ஒரே கடிதத்தைப் பல பேரிடம் கொடுத்துப் பல வழிகளில் அனுப்பியிருப்பார், சூல்ட் ஒருவரை மட்டும் அனுப்பினார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும் கதை, ஆகவே ஆதாரமாக வைக்க மாட்டேன். ஆனால் முக்கியமான உத்தரவைப் பிரதியெடுத்து வெவ்வேறு வழிகளில் அனுப்பும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது.

கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே விளையாட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் முழுமையாக்கிய கிரீக்ஸ்ஷ்பீல் என்ற விளையாட்டில், 1:8000 அளவுள்ள வரைபடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை படைகளை நகர்த்துவார்கள். ஆடுபவர் காய்களைத் தொட முடியாது. நடுவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். குதிரைக்காரன் அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் வரை நடுவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்து பிறகுதான் நிறைவேற்றுவார். நாங்கள் ஆடுவதும் கிட்டத்தட்ட இதே முறையில்தான், வாட்ஸ்அப் வழியாக. 2015இல் வந்த ஸ்கர்ஜ் ஆஃப் வார்: வாட்டர்லூ போன்ற விளையாட்டுகளில் கூரியர் மேப்பில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. எரிச்சலில் பாதி அதனால்தான் என்று எனக்குத் தோன்றும். நிஜத் தளபதிக்குத் தன் ஆள் ஒரு வேலியோரம் வழி தெரியாமல் சுற்றுவது தெரியாது, உங்களுக்குத் தெரிகிறது.

இரண்டாவது புகாருக்கு வருவோம். கூரியர் ஏன் எதிரிக்குள் போய் விழுகிறான்? இதில் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட விளையாட்டுகளில் வழி கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஏ-ஸ்டார் என்ற கணக்குமுறையையோ அதன் உறவுக்காரர்களில் ஒன்றையோ பயன்படுத்துவார்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மூவர் 1968இல் வெளியிட்ட முறை அது. தரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செலவு வைத்து, மொத்தச் செலவு குறைந்த பாதையைத் தேடும். சாலைக்குச் செலவு குறைவு, காட்டுக்கு அதிகம், ஆற்றுக்கு மிக அதிகம். எதிரி நிற்கும் இடத்துக்கும் அவன் துப்பாக்கி எட்டும் இடத்துக்கும் தனியாகச் செலவு ஏற்றியிருந்தால் கூரியர் தானாகவே சுற்றிப் போவான், ஏற்றாவிட்டால் அவன் கண்ணுக்கு எதிரி வரிசை வெறும் புல்வெளிதான். எதிரி நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். மேப்பில் ஐம்பது கூரியர்கள் ஓடும்போது கணினிக்கு அது பாரம். கிளம்பும்போது ஒரு முறை வழி பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓட விடுவது எழுதுபவருக்குச் சுலபம். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்கள் கேமில் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

நகரும் தலைவரைத் துரத்துவதும் இதே வகை. சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஆள் ஆப்பில் குத்திய பிளாக்கின் கீழே வந்து நிற்கிறார், நீங்களோ அதற்குள் பக்கத்து பிளாக் வாய்ட் டெக்குக்குப் போய்விட்டீர்கள். அவர் போன் போட்டாவது கேட்பார், கேம் கூரியருக்கு அந்த வசதியும் இல்லை. சில விளையாட்டுகளில் இலக்கு சில வினாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும், சிலவற்றில் கிளம்பியபோது இருந்த இடத்துக்கே போய் நின்றுவிட்டு அங்கிருந்து மறுபடி தேடுவான்.

வரலாற்றில் கூரியர்கள் பிடிபட்டதே இல்லையா என்றால், நன்றாகவே பிடிபட்டார்கள். 1807 ஜனவரிக் கடைசியில், ரஷ்யத் தளபதி பென்னிக்சனைப் பொறியில் சிக்கவைக்க நெப்போலியன் திட்டம் போட்டு, அதை விளக்கித் தன் தளபதி பெர்னடாட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கொண்டுபோனவர் ரஷ்யப் பக்கத்துக் குதிரைவீரர்களான கோசாக்குகளிடம் அகப்பட்டார். பென்னிக்சன் திட்டத்தைப் படித்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டார். பெர்னடாட்டுக்கோ விஷயமே தெரியாது, பிப்ரவரி 7, 8 தேதிகளில் நடந்த ஐலாவ் போருக்கு அவர் வரவும் இல்லை. ஆனால் இது பல நாள் பயணத்தில், எதிரிக் குதிரைப்படை சுற்றும் நாட்டில், பனியில் நடந்தது. ஒரே போர்க்களத்தில், எதிரி கண்ணுக்குத் தெரியும்போது, அனுபவமுள்ள ஒரு குதிரைக்காரர் அவன் வரிசை நடுவே சவாரி போக மாட்டார். குன்றுக்குப் பின்னால் சுற்றிப் போவார், நேரம் கூடுதலாகும், ஆனால் போய்ச் சேருவார். ஆகவே கூரியர் இறப்பது சரி, முட்டாள்தனமாக இறப்பது கேமின் குறை. என் கணக்கில் இதைத் தாமதப் புகாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது மூன்றாவது புகார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பழைய உத்தரவு பிந்தி வந்து புதிய உத்தரவைத் தள்ளிவிடுவது கேட்கவே அபத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரு முழுக் கோர் அப்படி அலைந்திருக்கிறது. கோர் என்றால் பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16. நெப்போலியன் லிக்னியில் பிரஷ்யர்களோடு மோதுகிறார், சில கிலோமீட்டர் தள்ளி கத்ர்-பிராவில் அவருடைய தளபதி நே ஆங்கிலேயர் பக்கத்தோடு மோதுகிறார். நடுவில் டெர்லோனின் முதலாம் கோர், கிட்டத்தட்ட 20,000 பேர். கத்ர்-பிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்களை லிக்னிக்கு வா என்று ஒரு செய்தி திருப்பியது. திரும்பி வந்தவர்களைப் பார்த்து, வருவது எதிரியோ என்று லிக்னியில் இருந்த பிரெஞ்சுப் படையே பதறியது. இதற்குள் நே ஆத்திரத்தில் ஆளனுப்பிக் கத்ர்-பிராவுக்கே திரும்பி வா என்றார். மறுபடி திரும்பினார்கள். இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு போர்களில் ஒன்றில்கூட அந்தக் கோர் உருப்படியாகச் சண்டை போடவில்லை. முதல் செய்தியைக் கொண்டுவந்தவர் யார், அதில் சரியாக என்ன எழுதியிருந்தது, கொண்டுவந்தவர் தன் பொறுப்பில் ஏதாவது சேர்த்துச் சொன்னாரா என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. படை அலைந்தது மட்டும் உறுதி.

ஆகவே எதிரெதிர் உத்தரவுகளால் படை நடுவழியில் திரும்புவது வரலாறுதான். ஆனால் நண்பர் சொல்வதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. டெர்லோனை இழுத்தவர்கள் இரண்டு வெவ்வேறு தலைவர்கள். நண்பரின் கேமில் ஒரே தளபதி இரண்டு மணிக்கு எழுதியதும் இரண்டேகாலுக்கு எழுதியதும் இடம் மாறி வருகின்றன. பெறுபவர் எதைப் பிந்திப் பெற்றாரோ அதையே கடைசி உத்தரவு என்று எடுத்துக்கொள்கிறார். இது வரலாற்றுக் குழப்பமாக எனக்குப் படவில்லை. செய்தி வந்து சேர்ந்ததும், கையில் இருக்கும் உத்தரவை அழித்துவிட்டுப் புதிதாக வந்ததை அந்த இடத்தில் எழுது என்று நிரலில் இருக்கும். எப்போது அனுப்பப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரி இருக்காது. கவனமுள்ள அலுவலர்கள் உத்தரவின் தலையில் இடத்தையும் நேரத்தையும் எழுதினார்கள், வாங்கியவர் பெற்ற நேரத்தைக் குறித்துவைத்தார். எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒரே கையெழுத்தில் இரண்டு கடிதம் வந்தால், எது முந்தியது என்று பார்க்கத் தெரியாத டிவிஷன் தலைவர் அபூர்வம். சிக்னல்ஸில் எங்களுக்கு முதல் வாரமே மண்டையில் ஏற்றுவது இதுதான்: நேரம் போடாத செய்தி செய்தியே இல்லை. அப்புறம், வாங்கியவன் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். கேம் கூரியர் செய்தியைப் போட்டுவிட்டு மாயமாகிவிடுகிறான். போய்ச் சேர்ந்தது என்ற பதில்கூட பல விளையாட்டுகளில் வருவதில்லை.

நடுவராக இருந்து பார்த்ததில் இன்னொன்று. கூரியர் முறையைத் திட்டும் ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆடுவார்கள். உத்தரவு அனுப்பிய அடுத்த நிமிடமே திருத்தம் அனுப்புவார்கள், பிறகு திருத்தத்துக்குத் திருத்தம். எங்கள் மேசையில் ஒருவர், நல்ல சாமர்த்தியசாலி, ஒரே பிரிகேட்டுக்கு (சில பட்டாலியன்கள் சேர்ந்த பிரிவு) அரைமணி நேர விளையாட்டு நேரத்துக்குள் நான்கைந்து சீட்டு நீட்டுவார். பாலத்தைப் பிடி, இல்லை மேட்டுக்குப் போ, சரி பாலத்துக்கே போ. எல்லாம் வழியில் இருக்கும்போது, அந்த பிரிகேட் தலைவராக ஆடும் பையன் மூன்றாவது சீட்டுக்கு மேல் எதையும் நம்ப மாட்டான், நிற்கிற இடத்திலேயே நிற்பான். நிஜ மனிதன் அப்படித்தான் செய்வான். கேம் ஏஐ பாவம், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒழுங்காக ஒரு முறை திரும்பும்.

இந்த விளையாட்டுகள் தாமதத்தைக் காட்டும் அளவுக்கு, செய்தி வந்த பிறகு நடக்கும் கூத்தைக் காட்டுவதில்லை. 1854 அக்டோபர் 25, பாலக்ளாவா. கிரிமியப் போரில் ரஷ்யர்களை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் உயரமான மேட்டில் நின்று, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகப் பார்ப்பதைக் காண்கிறார். குதிரைப்படை வேகமாக முன்னேறி அதைத் தடுக்கட்டும் என்று எழுதியனுப்புகிறார். கொண்டுபோன கேப்டன் நோலன் அபாரமான சவாரிக்காரர், மேட்டிலிருந்து செங்குத்தாக இறங்கிப் போனார், தாமதமே இல்லை. ஆனால் பள்ளத்தில் இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டதற்கு நோலன் கையை நீட்டிக் காட்டினார் என்பார்கள். எந்தத் திசையில், என்ன வார்த்தை சொல்லி என்பது சர்ச்சை, ஏனென்றால் சில நிமிடங்களில் அவரே முதல் ஆட்களில் ஒருவராக இறந்துவிட்டார். சுமார் 670 பேர் தவறான பள்ளத்தாக்கில் பீரங்கி வாய்க்கு நேராகப் போனார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 செப்டம்பர் 20 அன்று சிக்கமாகாவில், உட் என்ற டிவிஷன் தலைவருக்கு, இன்னொரு டிவிஷன் தலைவரான ரெனால்ட்ஸை ஒட்டிப் போய் ஆதரவு கொடு என்று சீட்டு வந்தது. இருவருக்கும் நடுவில் மூன்றாவது டிவிஷன் ஒன்று நிற்பது மேலே இருந்தவருக்குத் தெரியவில்லை, உட்டுக்குத் தெரியும். அப்படியிருந்தும் படையை வெளியே எடுத்தார். அந்த ஓட்டைக்குள் எதிர்ப்பக்கத் தளபதி லாங்ஸ்ட்ரீட் நுழைந்தார்.

நம் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் சாரிம்பன் கரையில் இறங்கியபோது, குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, முன்வரிசையில் என்ன நடக்கிறது என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்து நின்று தடுக்கக் கிராஞ்சி, ஜூரோங் ஆறுகளுக்கு இடையிலான வரிசைதான் இருந்தது. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி பெர்சிவல், நிலைமை முற்றினால் நகரைச் சுற்றி எங்கே கடைசி அரண் அமைப்பது என்று ஒரு முன்னேற்பாட்டை மேல் தளபதிகளுக்கு ரகசியமாக அனுப்பினார். ஆஸ்திரேலியப் படைத் தளபதி பென்னெட் அதைத் தன் பிரிகேட் தலைவர்களுக்குத் தள்ளிவிட்டார். பிப்ரவரி 10 அன்று பிரிகேடியர் டெய்லர் அதை 'இப்போதே போ' என்ற உத்தரவாகப் படித்து, தன் ஆட்களை ரிஃபார்மேட்டரி ரோட்டுப் பக்கம் கொண்டுபோனார். இன்றைய கிளமெண்டி ரோடுதான் அது. அந்த வரிசை கைவிட்டுப் போக இது மட்டும் காரணம் இல்லை, ஆனால் ஒரு பெரிய காரணம். இங்கே குதிரையும் இல்லை, தாமதமும் பிரச்சினை இல்லை. வந்த தாளை ஒருவர் படித்த விதம்தான். உங்கள் கேம் ஏஐ எழுதியதை எழுதியபடி புரிந்துகொள்கிறது. அந்த வகையில் வரலாற்றில் எந்தத் தளபதிக்கும் கிடைக்காத அதிகாரிகள் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார்கள்.

சரி, எப்படி ஆடுவது? நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், மீதி எல்லாம் அதிலிருந்து வரும்: பிந்திப் போனாலும் தப்பாகாத உத்தரவாக அனுப்புங்கள். நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் வாட்டர்லூவில் சின்னத் தோல் சீட்டுகளில் பென்சிலால் எழுதியனுப்புவார். அவர் ஆட்கள் பிடித்து வைத்திருந்த ஹூகுமோன் பண்ணை வீடு பற்றி எரிந்தபோது அவர் எழுதியது பிழைத்திருக்கிறது. வைக்கோலிலிருந்து கூரைக்குத் தீ பரவியதைப் பார்க்கிறேன், தீ எட்டாத பகுதிகளில் ஆட்களை வைத்திரு, கூரையோ தளமோ இடிந்து விழுந்து ஆட்களை இழக்காதே, விழுந்த பிறகு தோட்டத்துப் பக்கம் உள்ள சுவர்களைப் பிடித்துக்கொள் என்ற சாரம். தான் என்ன பார்த்தேன் என்பது அதில் இருக்கிறது, எதை விடக்கூடாது என்பது இருக்கிறது, நிலைமை மாறினால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. கால்மணி நேரம் பிந்திப் போனாலும் அது சரியான உத்தரவு. கேமில் இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியாது, ஆனால் 'அந்தப் பட்டாலியனைத் தாக்கு' என்பதற்கும் 'அந்தக் கிராமத்தைப் பிடித்து வைத்திரு' என்பதற்கும் வித்தியாசம் உண்டு. பட்டாலியன் நகர்ந்துவிடும், கிராமம் நகராது. எதிரிப் பிரிவைச் சொடுக்காமல் இடத்தைச் சொடுக்கும் பழக்கம் வந்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

திருத்தம் அனுப்பும் முன் நில்லுங்கள். முதல் உத்தரவு போய்ச் சேர்ந்து படை நகரத் தொடங்கும்வரை இரண்டாவதை அனுப்பாவிட்டால், இடம் மாறி வரும் பிரச்சினையே எழாது. நேரம் பார்க்கத் தெரியாத கேமுக்கு இதுதான் ஒரே மருந்து. அப்படியும் அவசரமாக மாற்றியே ஆக வேண்டும் என்றால், தளபதியையே குதிரையேற்றி அங்கே கொண்டுபோங்கள். வெல்லிங்டன் அன்று முழுக்க வரிசை நெடுக அலைந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று வாயால் சொன்னால் கூரியர் எதற்கு? பல விளையாட்டுகளில் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் பிரிவுகளுக்கு உத்தரவு உடனே போகும். ஆகவே தளபதியை மேப்பின் ஓரத்து மேட்டில் பாதுகாப்பாக நிறுத்தாமல், சண்டை முடிவாகப் போகிற இடத்துக்கு ஐந்நூறு அறுநூறு மீட்டர் பின்னால், முடிந்தால் சாலைச் சந்திப்பில் நிறுத்துங்கள். கூரியருக்கு நல்ல சாலை, நடுவில் எதிரி இல்லை. ரிசர்வ் படையையும் அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். தூரத்தில் இருக்கும் பக்கவாட்டுப் படையைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குப் போர் தொடங்கும் முன்பே நல்ல உத்தரவு ஒன்று கொடுத்துவிட்டு மறந்துவிடுவது மேல். டிவிஷன் தலைவரைத் தாண்டி ஒவ்வொரு பட்டாலியனுக்கும் நீங்களே சீட்டு அனுப்பாதீர்கள். கூரியர் எண்ணிக்கை ஏறும், டிவிஷன் தலைவரின் ஏஐ வேறொன்றைச் சொல்லும், அப்புறம் யார் சொன்னது நடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

கோளாறுதானா என்று சோதிக்க வேண்டுமானால் சண்டையில்லாத மேப்பில் சோதியுங்கள். தளபதியிடமிருந்து தூரத்தில் ஒரு பிரிவை நிறுத்துங்கள். ஓர் உத்தரவு அனுப்பிவிட்டு, கூரியர் பாதி வழி போனதும் தளபதியை அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் நகர்த்தி, அங்கிருந்து இரண்டாவது உத்தரவு அனுப்புங்கள். இரண்டாவது முந்திப் போகும், பிறகு முதலாவது வரும். படை அப்போது திரும்பினால், நேரம் பார்க்கும் வரி நிரலில் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். சேவ் ஃபைலோடு கேம் செய்தவர்களுக்கு அனுப்பினால் அவர்களும் உடனே புரிந்துகொள்வார்கள். இதே போல, நடுவில் எதிரிப் பிரிவு ஒன்றை நிறுத்தி, சுற்றிப் போக நல்ல சாலை இருக்கும்போதும் கூரியர் நேராகப் போகிறானா என்று பாருங்கள். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள், எதிரி கண்ணுக்குத் தெரியாத நிலையில் கூரியருக்கும் தெரியாது என்று வைத்திருக்கலாம், அது நியாயமும்கூட.

ஆஃப் செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில், எந்த அளவுப் போர் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழு வாட்டர்லூ, கோர் தலைவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றால் போட்டே ஆடுங்கள். அது இல்லாமல் அந்தப் போரில் என்ன நடந்தது என்பதே புரியாது. ஒரே ஒரு பிரிகேட்டை வைத்து ஒரு கிராமத்தைப் பிடிக்கும் சின்ன ஆட்டமென்றால் தாராளமாக ஆஃப் செய்யுங்கள். பிரிகேட் தலைவர் தன் பட்டாலியன்களைக் குரலாலும் முரசாலும் ஊதுகொம்பாலும் பக்கத்திலேயே நிற்கும் உதவியாளர்களாலும் நடத்தினார். முந்நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பட்டாலியனுக்குக் கடிதம் எழுதிக் குதிரையில் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது வரலாறும் இல்லை, விளையாட்டாகவும் சுகமில்லை.